எல்லையில் ஒரு கைப்பிடி

பெங்களூரு
ஜூன் 3, 2024

மதினிக்கு,

பானுப்பிரியா எழுதுகிறேன். போனில் பேசக் கூடாதா என்று நினைப்பீர்கள். கடைசியாகப் பேசியபோது பாதியில் வைத்தது யார் என்பது நம் இருவருக்கும் தெரியும். எழுத்தில் இருந்தால், பிறகு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்று யாரும் மழுப்ப முடியாது.

என் ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஏலக்காயைக் காயவைக்கும்போது தோலில் உள்ள நுண்துளை வழியாக ஈரம் வெளியேறுவதை ஒவ்வொரு மூலக்கூறாகப் பின்தொடர்ந்து கணக்கிட்டிருந்தேன். ஐந்து வருட உழைப்பு. தேர்வாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: “ஒரு பெட்டிக்குள் மூலக்கூறுகளை அடைத்து ஆட்டிவிட்டிருக்கிறீர்கள், பெட்டிக்கு வெளியே ஓடும் சூடான காற்று எங்கே?” அவர் கேட்பது சரிதான், அதுதான் எரிச்சல். வெளியே ஓடும் காற்றை மூலக்கூறு மூலக்கூறாகக் கணக்கிட எந்தக் கணினியாலும் ஆகாது. அதை இடைவெளி இல்லாத ஒரே ஓட்டமாக வைத்துத்தான் கணக்கிட வேண்டும். அதற்கான புரோகிராமை எழுதியவர் நீங்கள். துளைக்குள் என் மூலக்கூறுகள், வெளியே உங்கள் ஓட்டம், நடுவில் இரண்டும் சேரும் ஒரு மெல்லிய எல்லைப் பட்டை. ஒரு காலத்தில் நாம் இருவரும் சேர்ந்து செய்வதாக இருந்த வேலை. ஒரு தீபாவளி விடுமுறைக்கு உங்களைச் சிலமலைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அடுத்த தீபாவளிக்கு நீங்கள் என் அண்ணன் பெண்டாட்டி. ஆராய்ச்சியை அந்தரத்தில் விட்டுவிட்டு மலையேறிவிட்டீர்கள்.

உங்களிடம் கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். நம் ஆய்வு வழிகாட்டி சார்தான், “அருணாவின் புரோகிராம் அளவுக்கு எதுவும் ஒத்துவராது” என்று அடித்துச் சொல்லிவிட்டார். இந்த வருடக் கடைசிக்குள் இணைப்பைச் செய்து ஒரு கட்டுரை ஏற்கப்பட வேண்டும். இல்லாவிட்டால் என் பதிவு ரத்து.

புரோகிராமை அனுப்பிவையுங்கள். நானே ஓட்டிக்கொள்கிறேன். தோட்டத்தில் உங்களுக்கு ஆயிரம் சோலி இருக்கும்.

பானுப்பிரியா


போடிமெட்டுக்கு மேலே, தோட்டத்திலிருந்து
ஜூன் 13, 2024

பானுவுக்கு,

உன் கடிதம் போடி கூரியர் ஆபீசில் கிடந்து, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிவரும் ஜீப்பில் டிரைவர் சின்ராசு கையில் நனைந்து வந்து சேர்ந்தது. இரண்டாம் பக்கம் பாதி அழிந்துவிட்டது. அழிந்த பாதியிலும் என்னைத்தான் திட்டியிருப்பாய் என்பதால் நஷ்டமில்லை.

மலையேறிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். நான் ஏறியது உன் அண்ணனுக்காக. ஆராய்ச்சியை விட்டது உன் அம்மாவுக்காக. கல்யாணம் முடிந்து ஆறு மாதத்தில் திரும்பிப் போவதாகத்தான் பேச்சு. முதல் காய் எடுப்பு வந்தது, உன் அப்பா விழுந்து படுத்துவிட்டார், காய் உலர்த்தும் ஸ்டோரில் அடுப்பு பார்க்க ஆள் இல்லை. நீ அப்போது எங்கே இருந்தாய்? குளிர்சாதன அறையில் உட்கார்ந்து மூலக்கூறு எண்ணிக்கொண்டிருந்தாய். உன் வீட்டு வேலையை நான் பார்த்ததால்தான் உன்னால் ஐந்து வருடம் உழைக்க முடிந்தது. அதையும் ஆய்வேட்டில் ஒரு வரி எழுதிக்கொள்.

புரோகிராமைத் தர மாட்டேன். உன்னைப் பற்றி எனக்குத் தெரியும். ஒரு மாதத்தில் அதை உரு தெரியாமல் ஆக்கி, அருணா எழுதியது சரியில்லை, நான்தான் சரிசெய்தேன் என்பாய். இங்கே என் லேப்டாப்பில் நானே ஓட்டுகிறேன். என் ஓட்டம் எல்லையில் என்ன சொல்கிறது, எத்தனை மூலக்கூறு உன் பக்கம் உள்ளே வர வேண்டும் என்பதை, இங்கே நெட் எடுக்காது என்பதால், பென் டிரைவில் அனுப்புவேன். நீ உன் பெட்டியில் அவற்றை இறக்கி ஓட்டி, உன் பக்கம் என்ன ஆயிற்று என்று திருப்பி அனுப்பு. அதை வைத்து நான் மறுபடி ஓட்டுவேன். இரண்டு பக்கமும் மாறாமல் நிற்கும்வரை இப்படியே போய் வரட்டும். ஓட்டம் நிலையான ஓட்டம்தானே, கூரியரின் வேகம் போதும்.

நிபந்தனை ஒன்றுதான். கட்டுரையில் நம் இருவர் பெயரும் சமமாக இருக்க வேண்டும். அகர வரிசையில் என் பெயர் முதலில் வந்தால் அதற்கு உன்னைப் பெற்றவர்களைக் கேள். அந்த ஒரு கட்டுரையைக் காட்டித்தான் விட்ட இடத்தில் மறுபடி சேர நான் மனு கொடுக்க முடியும். உனக்கு ஒரு பட்டம், எனக்கு ஒரு வழி. இரண்டும் இந்த ஒன்றில்தான் தொங்குகிறது, அதனால் கொஞ்சம் கவனமாக வேலை செய்.

அருணா


பெங்களூரு
ஜூலை 15, 2024

மதினிக்கு,

பென் டிரைவ் இரண்டு முறை போய் வந்துவிட்டது. இரண்டு முறையும் ஊற்றிக்கொண்டது. எல்லைப் பட்டையில் மூலக்கூறுகள் வந்து குவிகின்றன. கூட்டம் ஏற ஏற அழுத்தம் ஏறுகிறது, கடைசியில் ஒன்றையொன்று பிய்த்துக்கொண்டு பறக்க, சிமுலேஷன் நின்றுவிடுகிறது. திருவிழாப் பஸ்சில் கூட இவ்வளவு நெருக்கடி கிடையாது.

என் பக்கத்தில் குறை இல்லை. என் பெட்டி தனியாக ஓடும்போது ஐந்து வருடமாக ஒரு மூலக்கூறு கூடத் தவறியதில்லை. ஆகவே குறை எங்கிருந்து வருகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ஆறு வருடம் அடுப்பில் விறகு தள்ளிய கை, சமன்பாட்டில் ஒரு குறியை மாற்றிப் போட்டிருக்கும். தப்பில்லை, மறப்பது இயல்புதான். ஆனால் மறந்துவிட்டது என்று சொல்லிவிட வேண்டும்.

சார் தினமும் கேட்கிறார். “வேலை நடக்கிறது” என்று சொல்லிச் சொல்லி எனக்கே கேவலமாக இருக்கிறது.

பானுப்பிரியா


தோட்டத்திலிருந்து
ஜூலை 24, 2024

பானுவுக்கு,

விறகு தள்ளிய கைதான் இதையும் எழுதுகிறது. அந்தக் கைக்கு ஒன்று தெரியும். புகை எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டுமானால் முதலில் அடுப்பை அணைப்பார்கள். எரிகிற அடுப்பைச் சுற்றி நின்றுகொண்டு உன்னால்தான், என்னால்தான் என்று கத்த மாட்டார்கள். இது உன் ஐந்து வருடப் படிப்பில் வரவில்லை போலிருக்கிறது.

எதுவுமே நகராத ஒரு ஓட்டத்தை ஓட்டிப் பார்ப்போம். காற்று இல்லை, சூடு இல்லை. வெளியேயும் உள்ளேயும் ஒரே நிலை. எல்லையில் போவதும் வருவதும் சரிசமம், யாரும் கூட இல்லை, குறைய இல்லை. இப்படி வைத்தால் உன் பெட்டி சும்மா கிடக்க வேண்டும். சும்மா கிடக்காவிட்டால் யார் தள்ளுகிறார்கள் என்று தெரிந்துபோகும். நீதான் என்று தெரிந்தால் மன்னிப்பெல்லாம் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு திருத்தி ஓட்டு, போதும்.

மழை விடாமல் அடிக்கிறது. உன் அண்ணன் காலில் அட்டை கடித்த இடம் ஆறவில்லை. கேட்க மாட்டாய் என்பதால் நானே எழுதினேன்.

அருணா


பெங்களூரு
ஆகஸ்ட் 5, 2024

மதினிக்கு,

பெட்டி சும்மா கிடக்கவில்லை. யாரும் தள்ளாத இடத்தில் மூலக்கூறு உள்ளே வந்துகொண்டே இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன், நிரம்பி வெடித்தது. ஒன்றுமே நடக்கக் கூடாத இடத்தில் இவ்வளவு நடத்திக்காட்ட நம் வீட்டு ஆட்களால்தான் முடியும்.

என் பக்கத்தை வரிக்கு வரி பார்த்தேன். எல்லாம் சரி. ஒரே ஒன்று, நீங்கள் சொல்லும் எண்ணிக்கையின் மேல் ஒரு கைப்பிடி கூட்டிப் போட்டு இறக்கினேன். அது தவறு இல்லை, முன்ஜாக்கிரதை. நாம் லேபில் இருந்த காலத்தில் உங்கள் ஓட்டத்தில் எப்போதும் கொஞ்சம் காணாமல் போகும், கேட்டால் “அவ்வளவுதானே” என்று தோளைக் குலுக்குவீர்கள். இந்த முறையும் குறைத்துத்தான் அனுப்புவீர்கள் என்று தெரிந்தே ஈடு செய்தேன்.

ஆனால் பெட்டியில் வந்து விழுவது என் கைப்பிடியைப் போல் இரண்டு மடங்கு. மீதி யாருடையது? நேர்மையாகப் பதில் எழுதுங்கள். அது உங்களுக்குச் சிரமம்தான், இருந்தாலும்.

பானுப்பிரியா


தோட்டத்திலிருந்து
ஆகஸ்ட் 16, 2024

பானுவுக்கு,

ஆமாம், நானும் போட்டேன். இதில் என்ன ரகசியம்? உன் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன்.

உனக்கு நினைவிருக்கும், இல்லாவிட்டால் உன் அம்மாவைக் கேள். காய்ந்த காயை மூட்டை கட்டி போடிக்கு அனுப்பும்போது எடை நின்ற பிறகு மேலே ஒரு கைப்பிடி போடுவார்கள். அங்கே ஏலம் எடுக்கிறவன் ஈரம், தூசி என்று எப்படியும் கழிப்பான், அவன் கழிப்பதற்கு முன்னால் நாம் போட்டுவிட்டால் கணக்கு நேராகும் என்பது உங்கள் குடும்ப விதி. வந்த புதிதில் நான் போடாமல் கட்டிய மூட்டையை அத்தை அவிழ்க்க வைத்தார்கள். “வாங்குறவன் கழிக்கத்தான் செய்வான், முன்னாலயே போட்ரு ஆத்தா” என்றார்கள். ஆறு வருடம் ஒவ்வொரு மூட்டையிலும் போட்டுப் போட்டு அது என் கையோடு ஒட்டிக்கொண்டது.

நீ எப்படியும் பாதியைச் சிந்திவிடுவாய். லேபில் டீ ஊற்றினாலே மேசை குடித்தது போகத்தான் எங்களுக்கு. அதனால் உன் பக்கம் போகிற எண்ணிக்கையில் ஒரு கைப்பிடி சேர்த்து அனுப்பினேன். நீ பிறவியிலேயே அந்த வீட்டுப் பெண், என்னை முந்திக்கொண்டு நீயும் போட்டிருக்கிறாய். உலகத்தில் வேறு எந்த லேபிலும் இந்தக் கோளாறு வராது. வேறு எந்த லேபிலும் இரண்டு ஏலக்காய்க்காரிகள் இல்லை.

என் கைப்பிடியை எடுத்துவிடுகிறேன். நீயும் உன்னுடையதை எடு. புதிய எண்கள் அடுத்த பென் டிரைவில் வருகின்றன.

அருணா


பெங்களூரு
செப்டம்பர் 6, 2024

மதினிக்கு,

இப்போது பெட்டி காலியாகிறது.

அதே அசையாத ஓட்டம்தான். மூலக்கூறுகள் ஒவ்வொன்றாகக் குறைந்து எல்லைப் பட்டையில் குழி விழுந்து, கடைசியில் உங்கள் ஓட்டத்துக்கும் என் பெட்டிக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. சார் வந்து திரையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், போய்விட்டார். வருடம் முடிய இன்னும் எவ்வளவு நாள் என்று கூட அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நான் செய்ததைச் சொல்லிவிடுகிறேன், நீங்களாகக் கண்டுபிடித்துக் கொக்கரிக்க வேண்டாம். என் கைப்பிடியை எடுத்துவிட்டேன். நீங்கள் எடுப்பதாக எழுதியதை நம்பவில்லை. எடுத்திருக்க மாட்டீர்கள் என்று உங்கள் பங்கையும் சேர்த்துக் கழித்தேன்.

நீங்களும் அதையேதான் செய்திருக்கிறீர்கள், இல்லையா? குறைவது இரண்டு கைப்பிடி, பெட்டி சொல்கிறது.

நீங்கள் ஒரு சொல்லைச் சொன்னால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. என் மேல் உங்களுக்கும் அப்படித்தான். இதற்கு எந்தச் சமன்பாடும் இல்லை. என் பட்டம் போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, அடுப்பு இருக்கிறது.

பானுப்பிரியா


தோட்டத்திலிருந்து
செப்டம்பர் 17, 2024

பானுவுக்கு,

எனக்கு இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று எழுத உன்னால்தான் முடியும். ஆறு வருடமாக இந்த லேப்டாப்பை ஸ்டோரின் புகையில் இருந்து துணி சுற்றிக் காப்பாற்றி வைத்திருப்பது எதற்காக என்று நினைத்தாய்? சினிமா பார்க்கவா?

ஆமாம், நானும் உன் பங்கைக் கழித்தேன். உன் கடிதத்தை வாசித்துவிட்டு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். உன் அண்ணன் என்னவென்று கேட்டார். சொன்னேன். அவருக்கு மூலக்கூறும் தெரியாது, ஓட்டமும் தெரியாது. ஆனால் விழுந்து விழுந்து சிரித்தார். “ஒரே கொழம்புக்கு ரெண்டு பேரும் ரெண்டு தடவ உப்புப் போட்டீக. அப்பறம் ரெண்டு பேரும் ரெண்டு தடவ தண்ணி ஊத்துனீக. அடுப்படியில ஒருத்தி நின்னாத்தேன் அது கொழம்பு” என்றார். முத்துக்கண்ணன் ஒரு உருப்படியான பேச்சு பேசியதை ஆறு வருடத்தில் முதல் முறையாகக் கேட்டேன்.

இதனுடன் இருக்கும் பென் டிரைவில் என் புரோகிராம் முழுவதும் இருக்கிறது. எடுத்துக்கொள். நான் ஒன்றும் உன்னை நம்பிவிடவில்லை, அப்படி நினைத்துப் பூரித்துப்போகாதே. இரண்டு பக்கமும் உன் ஒருத்தி கையில் இருந்தால் நீ யாரைச் சந்தேகப்படுவாய், யாருக்கு ஈடு செய்வாய் என்று பார்க்கிறேன், அவ்வளவுதான். கூட்டவும் வேண்டாம், கழிக்கவும் வேண்டாம். ஓட்டம் சொல்வதை அப்படியே உன் பெட்டியில் இறக்கு. பெட்டி சொல்வதை அப்படியே ஓட்டத்துக்குக் கொடு.

கெடுத்துவிட்டு வந்து நிற்காதே.

அருணா


பெங்களூரு
டிசம்பர் 9, 2024

மதினிக்கு,

கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவதாக. என்னைப் பெற்றவர்களைக் கேட்டேன், அவர்களுக்கு ஆட்சேபணை இல்லை.

உங்கள் புரோகிராமை வாங்கி ஒரு வரியையும் தொடாமல் ஓட்டினேன். அசையாத ஓட்டம் அசையாமல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு டீ முழுவதும் குடித்தேன், சிந்தாமல். பிறகு காற்றைத் திறந்துவிட்டேன். இரண்டு பக்கமும் எல்லையில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன, எங்கே நீங்கள் முடிந்து எங்கே நான் ஆரம்பிக்கிறேன் என்று படத்தில் தெரியவில்லை. புரோகிராமுக்குள் போனபோது இன்னொன்றும் கண்டேன். நீங்கள் மலைக்குப் போன பிறகு எழுதிச் சேர்த்த பகுதிகள் நிறைய இருந்தன. நன்றாகவே எழுதியிருக்கிறீர்கள். இதற்கு மேல் என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

என் வாய்மொழித் தேர்வும் முடிந்துவிட்டது. பட்டம் உறுதி. அது முடிந்ததும் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அருணா திரும்ப வருவாரா? ஜனவரியில் சேர்வதற்கு ஒரு இடம் இருக்கிறது, விட்ட இடத்தில் தொடரலாம். இந்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும்” என்று கேட்டார். வர மாட்டார்கள் சார், தோட்டம் இருக்கிறது, அண்ணன் இருக்கிறார், இப்போது எடுப்பு நேரம் வேறு என்று சொல்லிவிட்டேன். அவர் உங்களுக்கு எழுதி, நீங்கள் முடியாது என்று எழுதி, அந்தச் சங்கடமெல்லாம் உங்களுக்கு எதற்கு? இனி வேறு யாரையாவது பார்ப்பார்.

அண்ணன் காலில் புண் ஆறிவிட்டதா? கேட்க மாட்டேன் என்று நினைத்தீர்கள்.

பானுப்பிரியா


போடியிலிருந்து
டிசம்பர் 12, 2024

பானுவுக்கு,

இந்த முறை ஜீப்புக்கும் மழைக்கும் வேலை வைக்காமல் உன் கடிதம் வெரசாக வந்துவிட்டது. அதற்கு, தோட்டம் வரை கொண்டுவந்து கொடுத்த கூரியர்க்காரருக்குக் கும்பிடு போட வேண்டும், உனக்கு அல்ல.

“வர மாட்டார்கள் சார்.” இந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். கட்டுரையில் என் பெயர் வேண்டும் என்று எதற்காகக் கேட்டேன் என்பதை ஜூன் மாதமே உனக்கு எழுதினேன். உனக்கு ஒரு பட்டம், எனக்கு ஒரு வழி என்று எழுதினேன். பட்டத்தை வாங்கி மடியில் கட்டிக்கொண்டு, வழியை நீயே அடைத்துவிட்டாய். அதுவும் எனக்கு உதவி செய்கிறாய் என்ற நினைப்பில். நீ வேண்டுமென்றே செய்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வராது. நான் என்ன சொல்வேன் என்று என்னைக் கேட்காமலே உனக்குத் தெரிந்திருக்கிறது பார், அந்தத் திமிரைத்தான் பொறுக்க முடியவில்லை. நான் என்ன சொல்வேன் என்பதை நான்தான் சொல்வேன்.

மேலே டவர் சரியாகக் கிடைக்காது என்பதால் சின்ராசு ஜீப்பில் போடிக்கு இறங்கி வந்து, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்றபடி சாருக்குப் போன் செய்தேன். இடம் இன்னும் இருக்கிறது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உன் அண்ணனிடம் நேற்றுச் சொன்னேன். “போயிட்டு வா. காய் ஒன்னும் ஒன்னயக் கேட்டுக் காய்க்கல” என்றார். புண்ணெல்லாம் ஆறி நன்றாகத்தான் நடக்கிறார். போன் செய்வதற்கு முன்னால் சிலமலை வீட்டுக்குப் போய் அத்தையிடமும் கேட்டேன். அத்தை விடவே மாட்டார்கள் என்று இத்தனை வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், ஒரு நாளும் வாயைத் திறந்து கேட்டதில்லை. இன்றைக்குத்தான் கேட்டேன். “போறதுன்னா சுருக்காப் போ ஆத்தா. இதக் கேக்க ஒனக்கு இம்புட்டுக் காலமாச்சா?” என்றார்கள். அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை முன்னால் அழுதது இதுதான் முதல் முறை, நீ இதைப் போய் யாரிடமும் சொல்லிக்கொண்டிருக்காதே.

தை பிறப்பதற்குள் அங்கே இருப்பேன். விடுதியில் இடம் கிடைக்க ஒரு மாதமாவது ஆகும் என்று சார் சொன்னார். உன் அறையில் இரண்டாவது கட்டில் ஒன்று உண்டு. அதில் நீ துணியைக் குவித்து வைத்திருப்பாய், நான் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாய், ஒரு வாரத்தில் விரட்டிவிடுவாய் என்றெல்லாம் ஒரு பக்கம் எழுதினேன். எழுதிய பிறகு கிழித்துப் போட்டுவிட்டேன். நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது.

உன்னோடு தங்கலாமா?

அருணா